சத்தம் வேறு, தொனி வேறு: மவுத் ஆர்கனுக்குப் பெரிய குரல் வந்த கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மவுத் ஆர்கன் வாசிப்பவர்களும், ஒரு காலத்தில் வாசித்துவிட்டு மேசை டிராயரில் போட்டுவைத்திருப்பவர்களும் பொறுமையாகப் படிக்கவும். வாசிக்காதவர்களுக்கும் இதில் ஒரு நல்ல சரித்திரம் இருக்கிறது.

என் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்ட கேள்விதான் இதற்குக் காரணம். "சார், சிகாகோ ப்ளூஸ் ரெக்கார்டுல வர்ற மாதிரி மவுத் ஆர்கன் டோன் வேணும்னு பெரிய ஆம்ப் ஒண்ணு வாங்கினேன். பாதி வால்யூமாவது வெச்சாத்தான் அந்த டோன் வருது. வெச்சா அக்கம்பக்கத்துல சண்டைக்கு வர்றாங்க. குறைச்சு வெச்சா கொசு கத்துற மாதிரி இருக்கு. எல்லாத்தையும் வித்துட்டு விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். "தம்பி, ஒரு வாரம் பொறு, எழுதித் தர்றேன்" என்றேன்.

இசையை விட்டுவிடுகிறவர்களில் பலர் ஆர்வம் இல்லாமல் விடுவதில்லை. வீட்டில் வாசிக்க வழியில்லாமல்தான் விடுகிறார்கள். அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் ஒரு சோதனை. லிட்டில் வால்டர் என்பவர் வாசித்த 'ஜூக்' என்ற இசைத்தட்டை உங்கள் போனில் போட்டுக் கேளுங்கள். பிறகு வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். அந்தக் கனமான, லேசாகக் கரகரக்கிற, சாக்ஸபோன் போன்ற குரல் மறைந்துவிட்டதா? இல்லை, சின்னதாகியிருக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் அந்தத் தொனி சத்தத்தில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தெரிய வேண்டுமானால் அது பிறந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சின்ன வாத்தியம்

மவுத் ஆர்கனும் நம் ஆர்மோனியமும் ஒரே குடும்பம். இரண்டிலும் சத்தம் போடுவது மெல்லிய பித்தளை ரீடு. ஆர்மோனியத்தில் துருத்தி காற்றைத் தள்ளுகிறது, இங்கே நம் நுரையீரல் தள்ளுகிறது. ஜெர்மனியில் ட்ராஸிங்கன் என்ற சிற்றூரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த மத்தியாஸ் ஹோனர் 1857-ல் இந்த வாத்தியத்தைச் செய்யத் தொடங்கினார். முதல் வருடம் செய்தது 650 என்று சொல்வார்கள். அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற 'மரைன் பேண்ட்' மாடல் 1896-ல் வந்தது. பத்துத் துளை, இருபது ரீடு, சட்டைப் பைக்குள் அடங்கும்.

ஜெர்மானிய நாட்டுப்புறப் பாட்டுக்காகச் செய்த இந்த வாத்தியம் கப்பலேறி அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குப் போனது. அங்கே பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்கள் கைக்கு வந்தது. விலை மலிவு என்பதால் அவர்களால் வாங்க முடிந்தது. வாங்கியவர்கள் அதைச் செய்தவர் நினைத்துப் பார்க்காத வேலையைச் செய்தார்கள். சி சுருதி மவுத் ஆர்கனில் சி-யில் வாசிக்காமல், ஜி-யில் வாசித்தார்கள். ஊதுவதைவிட உறிஞ்சுவதை முக்கியமாக்கினார்கள். உறிஞ்சும்போது வாய்க்குள் நாக்கின் இடத்தை மாற்றினால் சுரம் கீழே வளைகிறது. அழுகை, ரயில் ஓட்டம், நாய் குரைப்பு எல்லாம் அந்தப் பத்துத் துளைக்குள்ளிருந்து வந்தன.

இதுவரை ஒலிபெருக்கிக்கு வேலையே இல்லை. கிராமத்துத் திண்ணையிலும் சிறு விருந்துகளிலும் வாசிக்க, குவித்த இரண்டு கைகளே போதுமாக இருந்தன.

ஊர் மாறியது

1910-களில் தொடங்கி 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டு வெளியேறினார்கள். பஞ்சம் பிழைக்கவும், இன ஒடுக்குமுறையிலிருந்து தப்பவும் போனார்கள். மிசிசிப்பியிலிருந்து போனவர்களில் பெரும்பகுதியினருக்கு ரயில் கொண்டுபோய் இறக்கிய ஊர் சிகாகோ. அங்கே கறுப்பின மக்கள்தொகை 1940-ல் சுமார் 2,78,000. 1950-ல் சுமார் 4,92,000. பத்தே வருடம்!

ஆள் கூடியது, குடியிருக்க இடம் கூடவில்லை. வெள்ளையர் பகுதிகளில் வீடு கொடுக்க மறுத்தார்கள். ஒரு பெரிய வீட்டைத் தடுத்துத் தடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை என்று வாடகைக்கு விட்டார்கள். ஆகவே நம்மைப்போல் அடுத்தவர் சுவரோடு ஒட்டி வாழ்ந்தவர்கள்தான் அவர்களும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கோ கடைக்காரருக்கோ கொஞ்சம் காசு கொடுத்து, ஜன்னல் வழியாக வயர் இழுத்து ஆம்ப்புக்குக் கரண்ட் எடுப்பார்கள். இரவில் மதுக்கடைகளில் வாசிப்பு. ஆலை வேலை முடிந்து வந்தவர்களின் பேச்சு, சிரிப்பு, கண்ணாடிச் சத்தம், டிரம்ஸ். 1943-ல் சிகாகோ வந்த மட்டி வாட்டர்ஸ், சாதாரண கிதார் அந்த இரைச்சலில் எடுபடாததால் மின்சாரக் கிதாருக்கு மாறினார். அந்தக் கிதாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மவுத் ஆர்கன் எப்படிக் கேட்கும்?

சிகாகோவில் அப்போது மவுத் ஆர்கனுக்குப் பெரிய பெயர் ஜான் லீ வில்லியம்சன். பக்கவாத்தியமாக இருந்ததை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர். 1948-ல் வாசிப்பு முடிந்து வீடு திரும்பும் வழியில் தாக்கப்பட்டு இறந்தார். அவருக்கு அடுத்து வந்த தலைமுறைதான் மைக்கைக் கையில் எடுத்தது.

டாக்ஸி மைக்

அவர்கள் எடுத்தது பாட்டு மேடை மைக் அல்ல. டாக்ஸி கம்பெனியில் உட்கார்ந்து வண்டிகளுக்குத் தகவல் சொல்பவர், ரயில் நிலையத்தில் அறிவிப்பவர், ஹாம் ரேடியோக்காரர் பேசும் மைக். அதே சிகாகோ நகரத்து ஷூர் நிறுவனம் 1949-ல் கொண்டுவந்த 'கிரீன் புல்லட்', ஆஸ்டாடிக் நிறுவனத்தின் ஜேடி-30 இரண்டும் இந்த வகை. இவற்றுக்குப் பேச்சு புரிந்தால் போதும். அடிச் சுரமும் உச்சச் சுரமும் அவ்வளவாக ஏறாது, நடுப்பகுதிதான் தூக்கலாக வரும்.

ஜேடி-30 மைக்குக்குள் இருப்பது ரோஷல் உப்பின் படிகம். அழுத்தினால் மின்சாரம் தரும். மேரி க்யூரியின் கணவர் பியரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880-ல் கண்டுபிடித்துச் சொன்ன குணம் இது. உப்பு என்பதால் ஈரமும் சூடும் ஆகாது. 55 டிகிரி செல்சியஸ் தாண்டினால் கெட்டுப்போகும். பழைய ஜேடி-30 யாரிடமாவது இருந்தால், நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள்.

மைக்கில் முதலில் வாசித்தவர் யார் என்று பலர் பெயர் சொல்வார்கள். ஸ்னூக்கி ப்ரையர் என்பவர், தான் ராணுவத்தில் இருந்தபோதே ஒலிபெருக்கியில் வாசித்ததாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் சத்தத்தைக் கூட்டுவதற்காக வந்த கருவியை ஒரு புது வாத்தியமாக மாற்றியவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பெயர் லிட்டில் வால்டர். இயற்பெயர் மேரியன் வால்டர் ஜேக்கப்ஸ். லூசியானா மாநிலத்துக்காரர். பதின்ம வயதிலேயே சிகாகோ வந்து, மட்டி வாட்டர்ஸ் குழுவில் சேர்ந்தவர்.

அவர் மைக்கையும் மவுத் ஆர்கனையும் சேர்த்து இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டார். 1952 மே 12 அன்று, மட்டி வாட்டர்ஸ் குழுவின் ஒலிப்பதிவில் 'ஜூக்' பதிவானது. செக்கர் லேபிளில் லிட்டில் வால்டர் பெயரிலேயே வெளிவந்தது. பில்போர்டு பத்திரிகையின் ரிதம் அண்டு ப்ளூஸ் பட்டியலில் 8 வாரம் முதலிடம். பாட்டே இல்லாத ஒரு மவுத் ஆர்கன் இசைத்தட்டு அந்த இடத்துக்கு வந்தது அந்த ஒரு முறைதான். அப்போது அவருக்கு வயது 22.

அந்தத் தொனியில் இருப்பவை நான்கு

வகுப்பில் சொல்வதுபோல் வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, கை. மைக்கையும் மவுத் ஆர்கனையும் காற்று கசியாமல் பொத்தினால், அந்தச் சின்ன அறைக்குள் காற்றழுத்தம் கூடுகிறது. மைக் திணறுகிறது. கீச்சென்ற உச்சச் சத்தம் அடங்கி, குரல் கனக்கிறது. கையைத் திறந்தால் உடனே மெலிகிறது.

இரண்டு, மைக். மேலே சொன்ன, நடுப்பகுதியைத் தூக்கித் தரும் மலிவான மைக்.

மூன்று, வால்வு ஆம்ப். பழைய வால்வு ரேடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், அதே வால்வுதான். அதன் தாங்கும் அளவுக்குள் வாசித்தால் சுத்தமாக ஒலிக்கும். எல்லையைத் தொட்டால் அலையின் நுனி மழுங்கி, கரகரப்பு சேரும். அந்தக் கரகரப்பு எல்லையில்தான் இருக்கிறது. எல்லை 50 வாட்டில் இருந்தால் ஊரே கேட்கும். 5 வாட்டில் இருந்தால் அவ்வளவு தூரம் போகாது.

நான்கு, அறை. இதில் ஓர் அழகான கதை உண்டு. சிகாகோவில் யுனிவர்சல் ரெக்கார்டிங் நிறுவனத்தை நடத்திய பில் பட்னம், 1947-ல் ஹார்மோனிகாட்ஸ் என்ற மவுத் ஆர்கன் மூவர் குழுவைப் பதிவு செய்தார். பாட்டின் பெயர் 'பெக் ஓ மை ஹார்ட்'. ஒலிக்கு விசாலம் சேர்க்க அவர் பயன்படுத்தியது கட்டடத்தின் கழிப்பறை! அங்கே ஒரு ஸ்பீக்கரும் மைக்கும் வைத்து, சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியைப் பதிவில் கலந்தார். கலை நோக்கத்தோடு எதிரொலி சேர்த்த முன்னோடிப் பதிவாக அதைச் சொல்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து 'ஜூக்' பதிவானதும் அதே நிறுவனத்தில்தான்.

இப்போது நான்கையும் திரும்பப் பாருங்கள். கை, மலிவு மைக், எல்லையைத் தொட்ட ஆம்ப், ஓடு பதித்த அறை. இதில் எதற்கும் பெரும் சத்தம் கட்டாயமில்லை. மதுக்கடையின் இரைச்சலைத் தாண்டத்தான் சத்தம் தேவைப்பட்டது. நம் வீட்டில் அந்த இரைச்சல் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

நான் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். கீழ்வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண். மேல்வீட்டில் ஒன்பது மணிக்குத் தூங்கிவிடும் பெரியவர். இத்தனை வருடத்தில் யாரும் கதவைத் தட்டியதில்லை. நான் செய்வதைச் சொல்கிறேன்.

1. முதலில் ஆம்ப் இல்லாமல் கையைப் பழக்குங்கள். குறைந்த சத்தத்தில் பலருக்கும் தொனி கெடுவதற்கு இதுதான் காரணம். மவுத் ஆர்கன் தானாகவே நல்ல சத்தம் போடும் வாத்தியம். ஆம்ப் வால்யூம் குறைவாக இருந்தால், கைக்கு வெளியே கசியும் அந்த நேரடிச் சத்தம்தான் உங்கள் காதில் விழும், ஆம்ப் பின்னால் போய்விடும். மாணவர் சொன்ன கொசுச் சத்தம் இதுதான். இறுகப் பொத்தினால் நேரடிச் சத்தம் அடங்கும், ஆம்ப்பின் சத்தம் மேலே வரும். வீட்டில் ஒருவரை அறையின் அந்தக் கோடியில் நிற்கச் சொல்லி, பொத்திக்கொண்டு வாசியுங்கள். அவருக்கு மங்கலாகக் கேட்டால் பொத்தல் சரி.

2. பலமாக ஊதாதீர்கள். வயிற்றிலிருந்து மூச்சு, தளர்ந்த தொண்டை, ரீடை வருடுவதுபோல். அழுத்தி ஊதினால் சத்தம் கூடும், தொனி ஒல்லியாகும்.

3. மேடைப் பாடகர் மைக் வைத்திருப்பவர்கள் அதைக் கிதார் ஆம்ப்பில் அப்படியே செருகினால் சத்தம் நோஞ்சானாக வரும். அந்த மைக் குறைந்த இம்பீடன்ஸ், கிதார் ஆம்ப் எதிர்பார்ப்பது அதிக இம்பீடன்ஸ். நடுவில் ஒரு சின்ன மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். வயரோடு சேர்ந்தே கிடைக்கிறது.

4. ஆம்ப் சின்னதாக இருக்கட்டும். ஒரு கணக்கு: வாட்டைப் பத்தில் ஒன்றாக்கினால்தான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியாகத் தோன்றும். அதாவது 50 வாட்டுக்குப் பதில் 5 வாட் வாங்கினால் பாதிச் சத்தம். அதுவும் வீட்டுக்கு அதிகம்தான், ஆனாலும் சமாளிக்கலாம். இன்றைய வாசிப்பாளர்கள் ஆசைப்படும் ஃபெண்டர் பாஸ்மேன், பாஸ் கிதாருக்காகச் செய்தது. நான்கு 10 அங்குல ஸ்பீக்கர். அது மேடைக்குத்தான் பொருந்தும்.

5. கெயின், மாஸ்டர் என்று இரண்டு திருகு இருந்தால், கெயினைக் கூட்டி மாஸ்டரைக் குறையுங்கள். முதல் வால்வு எல்லையைத் தொடும், ஸ்பீக்கருக்குப் போவது கொஞ்சமாக இருக்கும். பெரிய ஆம்ப் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் என்ற பெட்டியை வைக்கலாம். சக்தியில் ஒரு பகுதியைச் சூடாக மாற்றிக் கரைத்துவிடும். அதன் ஓம் அளவு ஆம்ப்போடு பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் போடாதீர்கள்.

6. திருவிழாவில் மைக் செட்காரர் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பியதும் ஊளையிடுமே, அந்த ஊளை இங்கேயும் வரும். கிதார் ஆம்ப்பின் முதல் வால்வு பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7. அதன் பெருக்கம் 100. அதற்குப் பதிலாக 12ஏஒய்7 போட்டால் சுமார் 45, 12ஏயூ7 போட்டால் சுமார் 20. ஊளைக்கு முன் திருகைத் திருப்ப நிறைய இடம் கிடைக்கும். ஆம்ப்பை அணைத்து, வயரைப் பிடுங்கி, வால்வு ஆறிய பிறகே மாற்ற வேண்டும். உள்ளே திறக்க வேண்டிய மாடல் என்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள். வயரைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். இன்னொன்று, அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

7. ஆம்ப்பைத் தரையில் வைக்காதீர்கள். அதிர்வு கீழ்வீட்டுக்கு இறங்கும். நாற்காலியில் மடித்த ஜமுக்காளம், அதன்மேல் ஆம்ப், அறை மூலையில். மூலைச் சுவர் அடிச் சுரத்தைக் கூட்டித் தரும். இது ஏன் தேவை என்றால், சத்தம் குறையக் குறைய நம் காது அடிச் சுரத்தைத்தான் அதிகம் தவறவிடுகிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-ல் இதை அளந்து காட்டினார்கள். ஆகவே மெதுவாக வாசிக்கும்போது பேஸைக் கொஞ்சம் கூட்டுங்கள், ட்ரெபிளை நன்றாகக் குறையுங்கள். ஆம்ப்புக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்தால் வால்யூமைக் கூட்டத்தான் கை போகும்.

8. கொஞ்சம் எதிரொலி சேருங்கள். கருவி இல்லையென்றால் பட்னம் காட்டிய வழி இருக்கிறது. டைல்ஸ் ஒட்டிய நம் குளியலறைகளில் ஆம்ப் இல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துப் பாருங்கள். மின்சாரக் கருவியை மட்டும் ஈரம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

யாருடைய குரல்

லிட்டில் வால்டருக்கு 1952 முதல் 1958 வரை 14 இசைத்தட்டுகள் பில்போர்டு ரிதம் அண்டு ப்ளூஸ் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்தன. அதற்குப் பிறகு காலம் மாறியது, ராக் அண்டு ரோல் வந்தது, குடியும் சண்டையும் அவர் உடம்பைத் தின்றன. 1968 பிப்ரவரியில், ஒரு விடுதியில் வாசிப்பு இடைவேளையில் நடந்த தகராறுக்குப் பிறகு, தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 37. அவருடைய கல்லறையில் 1991 வரை ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. ரசிகர்கள்தான் கல் வைத்தார்கள். ராக் அண்டு ரோல் மாளிகையில் அவர் பெயர் சேர்ந்தது 2008-ல்.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. இன்று அந்தத் தொனியைத் தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் கருவிகள் விற்கிறார்கள். அவற்றை வாங்க முடியாதவர் ஏதோ குறைந்தவர்போல ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அந்தத் தொனியை உண்டாக்கியவர்களிடம் இருந்தது பைக்குள் அடங்கும் மவுத் ஆர்கன், டாக்ஸி கம்பெனி மைக், கைக்குக் கிடைத்த ஆம்ப். கிடைத்ததை அதன் எல்லைவரை கொண்டுபோனார்கள். அதைத்தான் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஆம்ப்பை விற்பதற்கு முன் உங்கள் இரண்டு கைகளுக்கு ஒரு மாதம் கொடுங்கள். தினம் அரை மணி நேரம் போதும். மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் வாசித்தால் யாருக்கும் தொந்தரவில்லை. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், அந்த மாதம் மட்டும் ஆம்ப்புக்கு விடுமுறை விடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மவுத் ஆர்கனை டிராயரில் போட்டுவைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துத் துடைத்து, நான்காவது துளையில் ஒரு முறை மெதுவாக மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். ரீடு இன்னும் பேசும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்